கடைசிப் பத்து நிமிடம்

பஸ் டிப்போவில் மைக் பிடிக்கிறவர்களுக்கு ஆகாத வார்த்தை ஒன்று உண்டு. ரத்து. பஸ் ஓடாது என்று காலையிலேயே தெரிந்திருக்கும். எஞ்சினைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டு மெக்கானிக் டீ குடிக்கப் போயிருப்பார். ஆனாலும் மைக்கில் "தாமதமாகும்" என்றுதான் சொல்ல வேண்டும். அரை மணி கழித்து "மேலும் தாமதமாகும்." அதற்குள் பாதிக் கூட்டம் தானாகக் கலைந்துவிடும், மீதிப் பாதி களைத்துவிடும். அப்புறம் உண்மையைச் சொன்னால் சண்டை போட யாருக்கும் தெம்பிருக்காது. எந்தச் சுற்றறிக்கையிலும் இதை எழுதி வைக்கவில்லை. ஆனால் முப்பத்தொரு வருடமாக டைம்கீப்பர் இதைக் கண்ணும் கருத்துமாகச் செய்துவந்தார்.

டிப்போவிலும் தெருவிலும் அவருக்கு டைம்கீப்பர் என்றே பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. குரல் மட்டும் அமர்க்களமாக இருக்கும். "நான்காவது நடைமேடை" என்று அவர் சொன்னால், மூன்றாவதில் நிற்பவனுக்கே அங்கே போய்விடலாமா என்று தோன்றும்.

அவருடைய மனைவி நேர்மாறு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து அணுக்களை எண்ணியவள். அங்கே எல்லாரும் லேப்பம்மா என்பார்கள். எண்ணும்போது உதடு அசையும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. படிக்கட்டு ஏறினால் எண்ணுவாள், துணி மடித்தால் எண்ணுவாள். கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் எண்ணுவாள். எண்ணியதை உள்ளது உள்ளபடி எழுதுவாள். "நோயாளி பயந்துடுவார்மா, ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பாத்து எழுதுங்க" என்று டாக்டரே வந்து நின்றாலும் அவளிடம் நடக்காது. இப்படி ஒருத்தியும் அப்படி ஒருத்தரும் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்று கேட்டால், எல்லாரும் நடத்துகிற மாதிரிதான்.

ஒரே மகள். இருபத்தேழு வயதிலும் பாப்பா. ஐந்து மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு ஒரே பைத்தியம் சினிமா. அதுவும் நம் பக்கத்துத் தியேட்டருக்கு வருகிற படமெல்லாம் இல்லை. வெளிநாட்டுப் படங்கள், பாட்டும் சண்டையும் இல்லாத கலைப்படங்கள். ஒரு ஆள் பத்து நிமிடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நிற்பான், அவ்வளவுதான் காட்சி. "இதுக்குப் படம் எதுக்கு? எங்க டிப்போவுக்கு வந்தா நாள் பூரா பாக்கலாமே" என்பார் டைம்கீப்பர். அவள் சிரிப்பாள்.

விடுமுறைக்கு வந்தபோது டிவியை இணையத்தோடு இணைத்துக் கொடுத்தாள். அதைத் திறந்ததும் "யார் பார்க்கப் போகிறீர்கள்?" என்று கேட்டு வரிசையாகக் கட்டங்கள் வரும். ஒரு கட்டத்தில் "பாப்பா" என்றிருக்கும். அதற்குள் அப்பா அம்மாவுக்காக இருபத்துமூன்று படங்களைப் பொறுக்கிப் பட்டியல் போட்டிருந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி எழுதி அனுப்புவாள். "இதுல ஒரு கிழவர் வருவார், அப்பாவுக்குப் புடிக்கும்." "இது மெதுவாத்தான் போகும், தூங்கிடாதீங்க." இவர்களும் "பாக்கறோம், பாக்கறோம்" என்று பதில் போடுவார்கள். ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. நாளைக்குப் பார்த்தால் படம் எங்கே ஓடிப்போகிறது என்று இருந்துவிட்டார்கள்.

இதற்கிடையில் சர்க்கரை வியாதி லேப்பம்மாவின் கண்ணைப் பிடித்தது. வெளிச்சம் தெரியும், நிறம் தெரியும், ஆள் அசைவது தெரியும். எழுத்து தெரியாது, முகம் தெரியாது. வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் ஊருக்கு வந்துகொண்டிருந்தாள். பதினொன்று பத்துக்கு வர வேண்டிய பஸ். பத்தே முக்காலுக்கு நெடுஞ்சாலை டிப்போவிலிருந்து அங்கிருந்த டைம்கீப்பர் இவருடைய மேஜைக்குப் போன் போட்டார். பஸ் கவிழ்ந்துவிட்டது என்றார். இறந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தார். நான்காவது பெயர் வந்ததும் வாசித்தவருக்கே அது யார் மகள் என்று புரிந்து, பாதியில் நிறுத்தினார்.

நம் டைம்கீப்பர் வீட்டுக்குப் போன் போட்டார். லேப்பம்மா எடுத்தாள். அவர் நாக்கில் வந்தது ஒன்றுதான்.

"பாப்பா வர லேட் ஆகும்."

பன்னிரண்டு மணிக்கு அவளே கூப்பிட்டாள். "இன்னும் லேட் ஆகும்" என்றார். ஒன்றேகாலுக்கு மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் அதையே சொன்னார். கடைசியில் லேபில் கூட வேலை பார்த்த பழைய தோழி ஒருத்தி, விஷயம் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் போன் போட்டு அழுதாள். அந்த அழுகையிலிருந்துதான் லேப்பம்மா மகள் போனதைத் தெரிந்துகொண்டாள்.

அதைப் பற்றி அவள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் வாயில் "செத்து" என்ற சொல்லே அதற்கப்புறம் வரவில்லை. "பாப்பா போனப்புறம்" என்பார், "அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்" என்பார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம்கூட மகள் வெளியூரில் இருக்கிற மாதிரியே பேசினார். கேட்டவர்களுக்குத்தான் கையைப் பிசைய வேண்டியிருந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும் லேப்பம்மா கூடத்துக்கு வந்து டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"போடுங்க. பாப்பா சொன்ன படத்தைப் பாக்கலாம்."

"எல்லாம் எழுத்து ஓடற படமாச்சே. உனக்கு எப்படி..."

"நீங்க படிங்க. ஊருக்கெல்லாம் படிக்கறீங்க, எனக்குப் படிக்க மாட்டீங்களா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரம் ஒரு படம், ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு. கீழே ஆங்கிலத்தில் வரி வரும். டைம்கீப்பர் ரிமோட்டை அழுத்தி நிறுத்துவார், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வார், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைக் கொண்டு தமிழாக்கிச் சொல்வார், மறுபடி ஓடவிடுவார். இரண்டு மணி நேரப் படம் நாலு மணி நேரம் ஆகும். முதல் வாரம், காதலன் காதலியிடம் பேசுவதை எல்லாம் நடைமேடை அறிவிப்பு போலவே படித்தார். "அந்தப் பையன் அவளைக் கல்யாணம் பண்ணிக்கறேன்னு சொல்றானா, இல்ல வண்டி புறப்படுதுன்னு சொல்றானா?" என்று கேட்டாள் லேப்பம்மா. எட்டு மாதத்தில் அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்றாவது படத்தில் வினை வந்தது. மகள் சொல்லியிருந்த அந்தக் கிழவர், படம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்காலியிலேயே செத்துப்போனார். கீழே எழுத்து வந்தது. டைம்கீப்பர் படத்தை நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

"கிழவர் நல்லாத் தூங்கறார்" என்றார்.

அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. கலைப்படம் எடுக்கிறவர்களுக்கு ஆளைக் கொல்லாமல் படத்தை முடிக்கத் தெரியாது போலிருக்கிறது. ஆறாவது படத்தில் சுடப்பட்ட சிப்பாயை டைம்கீப்பர் லீவில் அனுப்பி வைத்தார். ஒன்பதாவதில் காசநோய்க்காரிக்கு மருந்து பலித்தது. பன்னிரண்டாவதில் வெள்ளத்தில் போன குழந்தையைப் பக்கத்து ஊரில் பத்திரமாகக் கரையேற்றினார். முப்பத்தொரு வருடம் பூசி மெழுகிய வாய். ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

லேப்பம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "நம்ம பாப்பாவுக்கு எவ்வளவு மென்மையான மனசு, பாத்தீங்களா? ஒரு படத்துலயும் யாரும் சாகறதில்ல" என்பாள். திங்கட்கிழமை காலை போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பழைய லேப் தோழிகள், எதிர்வீட்டு டீச்சர், கண் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற பெண், எல்லாருக்கும் படம் சிபாரிசு செய்வாள். "எங்க பொண்ணு சொன்ன படம். வீட்டுலயே பாக்கலாம். கடைசியில அந்தச் சிப்பாய் லீவுல வர்றான், மனசு நெறஞ்சு போயிடும்." அவர்களும் அடுத்த வாரம் "பாத்தோம்மா, ரொம்ப நல்லா இருந்துச்சு" என்பார்கள். ஒருத்தரும் பார்த்திருக்கவில்லை. நாமும் அப்படித்தானே சொல்கிறோம். இருபத்தேழு வயது மகளை இழந்தவள் சொல்கிறாள் என்பதால் கொஞ்சம் கூடுதல் உற்சாகத்தோடு சொன்னார்கள். டைம்கீப்பரின் பொய் அதனால் பிழைத்துக்கொண்டிருந்தது.

லேப்பம்மாவின் தங்கை மட்டும் உண்மையைச் சொல்வாள். "எழுத்தைப் படிச்சுக்கிட்டே படம் பாக்கறதுக்கு எனக்கென்ன பரீட்சையா? நீயே பாரு அக்கா" என்று கழன்றுகொள்வாள்.

பதினேழாவது படத்துக்கு மகள் எழுதியிருந்ததை டைம்கீப்பர் வழக்கம்போல் முதலில் படித்தார்.

"அம்மா, இதுல கடைசிப் பத்து நிமிஷம் உனக்கு. அந்தம்மா அப்படியே நீதான். அப்பா பக்கத்துல இருந்தா பாக்காதே. மனுஷன் தாங்கமாட்டார்."

லேப்பம்மா நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டாள். "போடுங்க" என்றாள்.

ஒரு தீவு. அங்கே விடுதி ஒன்றில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற ஒரு பெண்மணி. அவளுடைய மகளுக்குப் பயணிகள் படகில் வேலை. படம் பாதி தாண்டியதும் படகு மூழ்கிவிட்டது. திரையில் கரை முழுக்க ஜனம் ஓடியது. டைம்கீப்பருக்கு மேஜைப் போனில் வாசித்த நான்காவது பெயர் காதில் கேட்டது.

"என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் கத்தறாங்க?"

"படகு ரிப்பேராம். அக்கரையிலயே நிக்குது. லேட் ஆகுமாம்."

கடைசிப் பத்து நிமிடத்தையும் அவர் அப்படியே ஓட்டினார். மகள் அடுத்த படகில் வருகிறாள், அவளுக்காக அம்மா விரிப்பு மடித்து வைக்கிறாள் என்றார். "அந்தம்மா குரல் ஏன் அப்படி இருக்கு?" என்று லேப்பம்மா கேட்டாள். "ஜலதோஷம். கடல் காத்து" என்றார்.

படம் முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"துணி மடிக்கறாளே. அதான் சொல்லியிருக்கா."

"துணி எல்லாரும்தான் மடிக்கறாங்க. அதுக்கா தனியா பாக்கச் சொன்னா? நீங்க தாங்கமாட்டீங்கன்னு எதுக்கு எழுதினா?"

அந்த வாரம் முழுக்க அவளுக்கு அதே யோசனை. பல் தேய்க்கும்போது கேட்டாள், சாப்பிடும்போது கேட்டாள். "என் பொண்ணு என்கிட்ட எதையோ காட்டியிருக்கா. எனக்குத்தான் புரியல. கண்ணோட புத்தியும் போயிடுச்சு போல" என்றாள். விடை அவர் வாய்க்குள் இருந்தது. அதைச் சொன்னால் பதினேழு படமும் சரிந்துவிடும் என்று பேசாமல் இருந்தார். பாவி மனுஷன், அவளைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்தார்.

வியாழக்கிழமை அவள் தங்கைக்குப் போன் போட்டாள். "ஒரே ஒரு தடவை எனக்காக இந்தப் படத்தைப் பாரு. அதுல நான் எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லு." அக்கா இப்படிக் கேட்டால் யார்தான் தட்டுவார்கள்? தங்கை பரீட்சை எழுத உட்கார்ந்தாள்.

மறுநாள் டைம்கீப்பர் காலை ஷிப்ட் முடிந்து வீடு திரும்பியபோது லேப்பம்மா ஜன்னலருகே நின்றிருந்தாள். போன் ஒலிபெருக்கியில் இருந்தது. தங்கை விசும்பிக்கொண்டே பேசினாள்.

"...இதை எப்படி அக்கா தாங்கிக்கிட்டுப் பாத்தே? படகு மூழ்கி அந்தப் பொண்ணு செத்துப்போறா. அந்தம்மா விரிப்பை எண்ணிக்கிட்டே அழறா. நீ எண்ணுவியே, அப்படியே. எனக்கு உன்னைப் பாத்த மாதிரியே இருந்துச்சு. மாமா எப்படிப் படிச்சார் அதை?"

"நல்லாப் படிச்சார்" என்று சொல்லி லேப்பம்மா போனை வைத்தாள்.

டைம்கீப்பர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"அந்தக் கிழவர்?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சிப்பாய்?"

அவர் தலையை ஆட்டினார். அது அவள் கண்ணுக்குத் தெரியாது என்பது உறைத்து, "இல்ல" என்றார்.

"அந்தக் கொழந்தை?"

"அதுவும் இல்லம்மா. எல்லாம் உனக்காகத்தான்..."

"எனக்காகவா?" குரல் உயரவில்லை. "அன்னிக்கும் எனக்காகத்தான் லேட் ஆகும்னு சொன்னீங்களா? மூணு மணி நேரம் இதே ஜன்னல்கிட்ட நின்னேன். சாப்பாட்டைத் தட்டுல போட்டு மூடி வெச்சுட்டு, வெளியில நெழல் தெரிஞ்சா அவதான்னு... சந்தோஷமா நின்னேங்க. என் பொண்ணு செத்துக் கெடக்கறா, நான் பாட்டு முணுமுணுத்துக்கிட்டு நின்னிருக்கேன். அதை நெனச்சா இன்னிக்கும் எனக்கு ஒடம்பு கூசுது."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"அவ எனக்குன்னு விட்டுட்டுப் போனது இந்தப் பட்டியல் ஒண்ணுதான். அதையும் நீங்க மாத்திட்டீங்க. அது உங்க டிப்போ மைக் இல்லைங்க."

கொஞ்ச நேரம் உதடு அசைந்தது. எண்ணினாள். அப்புறம் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை திரும்பப் போடுங்க. உள்ளது உள்ளபடி படிங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. மிச்சத்துக்குத் தங்கச்சியை வரச் சொல்றேன். நீங்க பக்கத்துல உக்கார வேண்டாம்."

சனிக்கிழமை டிப்போவில் ஆறு நாற்பது பஸ் படுத்துவிட்டது. டைம்கீப்பர் மைக்கை எடுத்தார். வழக்கமான வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "ஆறு நாற்பது பஸ் ரத்து செய்யப்பட்டது" என்றார். கூட்டம் கண்ணாடித் தடுப்புக்கு வந்து கத்தியது. மேலாளர் ஓடி வந்து "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். கால் மணி நேரம் கத்திவிட்டு ஜனங்கள் வேறு வழி பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வயதான அம்மாள் மட்டும் திரும்பி வந்து, "முன்னாடியே சொன்னீங்களே, நல்லதா போச்சு. நான் வீட்டுக்காவது போறேன்" என்றாள்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு அவர் டிவியைப் போட்டார். "யார் பார்க்கப் போகிறீர்கள்?" என்று கேட்டது. பாப்பா கட்டத்தை அழுத்தினார். லேப்பம்மா நாற்காலியை அவரிடமிருந்து ஒரு அடி தள்ளிப் போட்டிருந்தாள்.

படகு மூழ்கியபோது, "படகு மூழ்கிடுச்சு" என்றார். "நாலு பேர் பொழைச்சாங்க. அவ இல்ல."

கடைசிப் பத்து நிமிடம் வந்தது. விடுதியின் துவைக்கும் அறை. பக்கத்து வீட்டுக்காரி வந்து துக்கம் விசாரிக்கிறாள். படகு எத்தனை மணிக்குக் கிளம்பியது, காலையில் மகள் என்ன சட்டை போட்டிருந்தாள், கடைசியாக என்ன சொன்னாள் என்று நோண்டி நோண்டிக் கேட்கிறாள். அந்த அம்மா நிமிர்ந்து பார்க்கிறாள். கீழே எழுத்து வந்தது. டைம்கீப்பர் நிறுத்தினார்.

அறுபது பஸ்ஸை ஒரே மூச்சில் அறிவிக்கிற குரல் உள்ளே எங்கேயோ சிக்கிக்கொண்டது. லேப்பம்மா காத்திருந்தாள். உதவிக்கு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை.

"என் பொண்ணு..." என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "என் பொண்ணு செத்துப்போயிட்டா."

ஒரு வருடம் ஆகப்போகிறது. அவர் வாயில் அது வந்தது அன்றைக்குத்தான்.

"அது அந்தம்மா சொன்னதா? நீங்க சொன்னதா?"

"அந்தம்மாதான்." கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும்தான்."

"ம். படிங்க."

"'இருபத்தாறு வருஷம் இருந்தா. அதைப் பத்தி யாரும் கேக்கமாட்டேங்கறீங்க. அந்த ஒரு நாளையே கேக்கறீங்க.'" குரல் உடைந்து உடைந்து வந்தது. ஆனால் ஒரு சொல் மாற்றவில்லை. "இப்ப பக்கத்து வீட்டுக்காரி போயிட்டா. அந்தம்மா விரிப்பை எடுக்கறா. ஒவ்வொண்ணா மடிக்கறா. ஒண்ணு. ரெண்டு. மூணு." அவர் நிறுத்தினார். "அவ்வளவுதாம்மா. இனிமே எழுத்து வரல."

"வேண்டாம், ஓட விடுங்க. எண்ணறா. எனக்குத் தெரியுது."

திரையில் அந்தப் பெண்மணி தன் பாஷையில் எண்ணிக்கொண்டே அழுதாள். லேப்பம்மாவின் உதடு அசைந்தது. பிறகு சத்தமாகவே, அவள் ஒன்று சொல்ல இவள் ஒன்று என்று தமிழில் எண்ண ஆரம்பித்தாள். எட்டு. ஒன்பது. பத்து. டைம்கீப்பர் தன் நாற்காலியைப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டார். அவள் தடுக்கவில்லை. அவர் அழுகிற சத்தம் கேட்டிருக்கும். "தாங்கமாட்டீங்கன்னு சரியாத்தான் எழுதியிருக்கா" என்று நடுவில் ஒரு தடவை சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணினாள்.

இருபத்தேழு வந்ததும் லேப்பம்மா நிறுத்திக்கொண்டாள். படத்தில் அந்த அம்மா எண்ணிக்கொண்டே போனாள்.